சில்வர் சந்தூக்கு

உம்மா மௌத்தான அன்று பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு விறாந்தையில் இறக்கினார்கள். மூன்று கால்கள் நிலத்தில் அமர்ந்தன. நான்காவது கால் ஒரு கணம் பிந்தி, நறுக்கென்ற சின்னச் சத்தத்தோடு அமர்ந்தது. வீடு நிறைய அழுகையும் யாசீன் ஓதும் குரலுமாக இருந்த நேரம். அந்தச் சத்தம் என் காதில் மட்டும்தான் விழுந்தது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பாடசாலையில் வடிவமைப்பும் தொழினுட்பமும் படிப்பிக்கிறவள். யாராவது ஒரு வாங்கை இழுத்துப் போட்டால், அதன் பொருத்து தளர்ந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே தேடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பெற்ற தாய் உள்ளறையில் வெள்ளைத் துணிக்குள் கிடக்க, மகளுடைய காது ஒரு இரும்புச் சத்தத்தின் பின்னால் போனது. அன்று பிடித்த பயம் வாப்பா மௌத்தாகும்வரை எங்கள் வீட்டில் குடியிருந்தது.

சந்தூக்கு என்பது மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற நீண்ட பெட்டி. வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கும், தொழுகை முடிந்ததும் பள்ளியிலிருந்து அடக்கம் செய்கிற மையவாடிக்கும் அதில்தான் போக வேண்டும். ஊர் முழுவதற்கும் பொதுவானது. முன்னால் இரண்டு தண்டுகளும் பின்னால் இரண்டு தண்டுகளும் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண்கள் ஆளுக்கு ஆள் தோள் மாற்றி மாற்றித் தூக்குவார்கள். ஒரு பத்து அடியாவது தோள் கொடுத்தால் நன்மை என்று முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். பெட்டியின் பாரம், உள்ளே படுத்திருப்பவரின் பாரம், இரண்டும் கடைசியில் போய் நிற்பது அந்தத் தண்டு சட்டத்தோடு சேருகிற நான்கு மூலைகளில்தான். மூலை விட்டால் எல்லாம் விட்டது. இது படித்துத் தெரிய வேண்டிய சங்கதி இல்லை, கட்டிலில் படுத்த எவருக்கும் தெரியும்.

பழைய சந்தூக்கு முதிரைப் பலகையால் ஆனது. கனம் என்றால் அப்படி ஒரு கனம். வெறும் பெட்டியைத் தூக்கி வருவதற்குள்ளேயே இளந்தாரிகளுக்கு மூச்சு வாங்கும் என்பார்கள். அதை மாற்ற வேண்டும் என்று நின்றவர் என் வாப்பா. வாப்பா எங்கள் குடிக்கு மரைக்கார்; அதாவது எங்கள் வம்சத்தின் பேரில் பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கிறவர். நெல் வியாபாரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். புதுச் சாமான் எது வந்தாலும் அவருக்கு அது வேண்டும். எங்கள் தெருவில் முதன்முதல் பிளாஸ்டிக் கதிரை வாங்கியவரும் அவர்தான், முதன்முதல் அதிலிருந்து விழுந்தவரும் அவர்தான். "மரத்த உடுங்க. இனி சில்வர்தான். பாரமுமில்ல, உளுக்கவும் மாட்டுது, துருப் புடிக்கவும் மாட்டுது" என்று பள்ளிவாசல் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். எவருடைய மறுப்பும் எடுபடவில்லை. பழையதைச் சவளக்கடை என்ற வயலூர்ப் பக்கத்துச் சிறிய பள்ளி ஒன்றுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, வெளியூர் வெல்டிங் கடை ஒன்றில் புதியதைச் செய்வித்துக்கொண்டு வந்தார். நான் அப்போது முதல் நியமனத்தில் தூர ஊரில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவர் சொன்ன வருணனையைத்தான் கேட்டேன். வெயிலில் வைத்தால் கண் கூசுதாம்.

அந்தச் "சில்வர்" என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பொருட்களை ஒப்பிடும் பாடம் வரும்போது, வீட்டிலிருந்து ஆளுக்கொரு சில்வர் சாமான் கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஒருத்தி சோற்றுக் கரண்டி கொண்டு வருவாள். இன்னொருத்தன் சட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு வருவான். வேறொருத்தன் கழற்றி வைத்த தண்ணீர்க் குழாய்த் திருகைக் கொண்டு வருவான். மூன்றும் பளபளக்கும், மூன்றுக்கும் எங்கள் ஊரில் பேர் சில்வர். நான் காந்தத்தை வைத்துக் காட்டுவேன். கரண்டியில் ஒட்டாது, அது பாடப்புத்தகம் கறையில் உருக்கு என்று சொல்கிற, கறை பிடிக்காத உருக்கு. மூடியிலும் ஒட்டாது, அது அலுமினியம், தகட்டை அழுத்தி எடுத்தது. திருகின் இரும்புப் பிடியில் டக்கென்று ஒட்டும். அது முலாம் பூசிய சாதாரண இரும்பு. முலாம் இருக்கும்வரை அதுவும் மினுங்கும். ஆனால் அதை நெருப்பில் காய்ச்சி ஒட்டினால் ஒட்டுகிற இடத்தில் முலாம் எரிந்து போகும்; மேலே வெள்ளிப் பூச்சு அடித்து மறைத்துவிடுவார்கள். வாப்பா சில்வர் என்று கேட்டார். வெல்டிங் கடைக்காரர் சில்வர் என்று கொடுத்தார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

உம்மாவின் ஜனாஸா ஊர்வலத்தில் வாப்பா முன்தண்டில் தோள் கொடுத்தார். மறுநாள் அவருடைய வெள்ளைச் சேட்டைக் கழுவ எடுத்தபோது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கபில நிறக் கறை. கேட்டதற்கு "வெத்திலச் சாறாக்கும்" என்றார். வெற்றிலைச் சாறு தோளில் எப்படி வழியும்? புளிச்சாறு வடியும் தேசிக்காய்ப் பாதியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். மெல்லக் கரைந்தது. வெற்றிலைக் கறை அப்படிக் கரையாது, துருக்கறைதான் கரையும். நான் சேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக் குசினி வாசலில் நெடுநேரம் நின்றேன். உம்மாவைத் தூக்கிய தண்டிலிருந்து துருத் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. அப்படியென்றால் தண்டுக் குழாயின் உள்ளே தண்ணீர் நிற்கிறது.

தண்ணீர் எப்படிப் போனது என்று வாப்பாவிடம் விசாரித்தபோது அவர் பெருமையாகத்தான் சொன்னார். முதிரைச் சந்தூக்கை ஒவ்வொரு ஜனாஸாவுக்குப் பிறகும் ஈரத் துணியால் துடைத்து மூலையில் வைத்துவிடுவார்களாம். மரத்தில் தண்ணீர் படக்கூடாது என்று பயம். இது சில்வர் அல்லவா? பயமில்லையே. அதனால் ஒவ்வொரு முறையும் பள்ளிக் கிணற்றடியில் வைத்து, வாளி வாளியாக அள்ளி ஊற்றி, தேய்த்துக் கழுவி வைக்கிறார்களாம். அடுத்து வருகிறவர் சுத்தமான பெட்டியில் போகட்டும் என்ற மரியாதை. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கடலோடு உறவு வைத்திருக்கிற தண்ணீர். தேத்தண்ணி போட்டால் உவர்க்கும். அந்தத் தண்ணீர் தண்டு நுனி ஓட்டையால் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல், வெல்டிங் ஒட்டின் மூலையில் போய்த் தங்கியிருக்கும். வருடக் கணக்காக. கழுவாமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் நின்று பிடித்திருக்கும்.

இதைச் சொன்னபோது வாப்பா முதலில் சிரித்தார். "நீ மீன் கழுவின சட்டியிலயும் பாடம் நடத்துறவள்" என்று கேலி செய்தார். ஆனால் மறுநாள் காலை தேத்தண்ணி குடித்த கையோடு, "மகள், உன்ட அந்தக் காந்தத்தக் கொஞ்சம் தா பாப்பம்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ பள்ளிக் கணக்குப் பார்க்கப் போகிறவர் போலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நடுப்பகல் ளுஹர்த் தொழுகைக்கு முன்னர் திரும்பி வந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு காந்தத்தை என்னிடம் நீட்டினார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஒட்டிச்சு" என்றார். "நாலு மூலையிலயும் ஒட்டிச்சு. நகத்தால சுரண்டினன். பூச்சு உரிஞ்சு வருகுது."

நான் என்னால் முடிந்த அளவு விளக்கினேன். மரம் உடையப் போகும்போது சொல்லிவிட்டு உடையும். கிறீச்சிடும், வளையும், வெடிப்புத் தெரியும். அலுமினியக் குழாய் பெரும்பாலும் முதலில் வளைந்து காட்டும். இந்தக் குழாயின் கதை வேறு. உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே முலாம் மினுங்கிக்கொண்டே இருக்கும். சுவர் தாள் அளவுக்கு மெலிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வகுப்பில் கரும்பலகையில் இதே விசயத்தை எத்தனையோ முறை படம் கீறிக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

"எப்ப உடையும்?"

"தெரியா வாப்பா."

"ஒரு சத்தமாச்சும் போடாதா?"

"போடாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு தன் கைகளைப் பார்த்தார். பிறகு, மருமகனுக்கும் சொல்ல வேண்டாம் என்றார். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்த பிறகு என் கணவர் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மனிதரிடம் இதை மறைக்க வேண்டியதாயிற்று. பள்ளியில் போய்ச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். "சொல்லுவன். மறுகாச் சொல்லுவன்" என்றார். எனக்கு அவருடைய கஷ்டம் விளங்காமலில்லை. ஊரே வேண்டாம் என்றபோது வம்பாக நின்று செய்வித்தது அவர். அதில் போனவர்களின் பிள்ளைகள் எல்லோரும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். உன் வாப்பாவை நான் துருப்பிடித்த இரும்பில் ஏற்றி அனுப்பினேன் என்று எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தாலே எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு நெஞ்சு அடைத்தது. பாங்குக்கு உரிய நேரம் தவறி அது திறந்தால் மௌத்து அறிவிப்புத்தான். இன்னாலில்லாஹி சொல்லி முடித்ததும் மற்றவர்கள் யார், எந்தக் குடி, என்ன வருத்தம் என்று கேட்பார்கள். வாப்பா ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார்.

"ஆளு பருமனா?"

கேட்டவர்கள் கபுர்க் குழி வெட்டுவதற்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மெலிந்த ஆள் என்றால் அவர் முகத்தில் தெரிகிற ஆறுதலைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். பருமனான ஆள் என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது, அவருக்கும் எனக்கும். அவர் எந்த ஜனாஸாவையும் தவற விடவில்லை. தண்டில் தோள் கொடுக்காமல், சந்தூக்கின் பக்கமாக, முன்மூலைக்கு நேராக நடப்பார்; வலக் கையைச் சந்தூக்கின் மேல் போர்த்த துணிக்குக் கீழே கொடுத்து ஒட்டைத் தாங்கிக்கொண்டே போவார். மழையோ, கச்சான் காற்றில் மண் பறக்கிற வெயிலோ, மையவாடிவரை அப்படியே. மரைக்காரைப் போல மையித்துக்கு மரியாதை செய்கிறவர் இந்தக் கரையில் இல்லை என்று ஊர் பேசியது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கை கழுவுவார். கழுவிய தண்ணீரில் துரு ஓடும். ஒரு கையால் ஒரு மூலையைத்தான் தாங்க முடியும். மற்ற மூன்று மூலைகளையும் நினைத்து நான் வீட்டிலிருந்தபடியே நடுங்குவேன். பெண்கள் ஜனாஸாவின் பின்னால் போவதில்லை. போனவர்கள் திரும்பி வரும்வரை காதைத் தெருவில் வைத்துக்கொண்டு இருப்போம். ஒரு கூக்குரல் கேட்குமோ, ஒரு ஓட்டம் கேட்குமோ என்று காத்திருந்த அந்த மணித்தியாலங்கள் எவருக்கும் வரக்கூடாது.

ஒருமுறை துணிந்து கூட்டத்தில் வாயைத் திறந்தார். நேராகச் சொல்ல மனம் வராமல், "சந்தூக்குப் பழசாப் போச்சு, புதுசா ஒண்டு செய்வமா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். பிறகு ஒருவர், "என்ன மரைக்கார் கதைக்கீங்க? நீங்க செஞ்சது இன்னும் பொன்னாட்டம் கிடக்கு" என்றாராம். மற்றவர்களும் ஓம், ஓம் என்று தலையாட்டியிருக்கிறார்கள். வாப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, "அவங்களுக்கு ஒண்டும் தெரியா, பாவம்" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இன்னொரு நாள் வயல் பார்க்கப் போவோம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் சவளக்கடைப் பக்கம் போனார். பயிர் குடலை தள்ளி நின்ற காலம். வாய்க்கால் நிறையத் தண்ணீர். அவர் வயலில் இறங்கவே இல்லை. நேரே அந்தச் சிறிய பள்ளிக்குப் போனார். முதிரைச் சந்தூக்கு அங்கே பக்கச் சாய்ப்பில் இருந்தது. நான் சுற்றுமதிலுக்கு வெளியே நின்றபடி பார்த்தேன். வாப்பா குனிந்து ஒவ்வொரு மூலையாகத் தட்டிப் பார்த்தார். தண்டைச் சட்டத்தில் துளைத்து, ஆப்பு இறுக்கி வைத்த வேலை, ஆணிகூட இல்லை. காலம் போகப் போக இன்னும் இறுகியிருந்தது. அதைத் திருப்பிக் கேட்கத்தான் அவர் வந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்குள் அந்தப் பள்ளியில் இருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்து வாப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க தந்தது மரைக்கார். எங்கட மையித்தெல்லாம் மானமாப் போகுது. ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்குத் துஆக் கேக்கிறம்" என்றார். வாப்பா கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டார். தண்ணீர் நல்லா வருகுதா, விளைச்சல் எப்படி என்று விசாரித்தார். திரும்பி வரும் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் சாப்பாட்டைக் குறைத்தார். முதலில் இராச் சோறு வேண்டாம் என்றார். பிறகு இறைச்சி வேண்டாம் என்றார். கந்தூரிச் சோறு சகனில் வந்தால் நாலு பேர் சாப்பிடுகிற அந்தத் தட்டில் தன் பக்கத்தை அப்படியே மற்றவர்கள் பக்கம் தள்ளிவிடுவார். வாப்பா என்றால் சாப்பாடு என்று சொல்லி வளர்ந்தவள் நான். அவர் சாரத்தை இடுப்பில் இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கட்டுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஈரல் கருகியது. சீனி வருத்தமா, அதைவிடப் பெரிய ஏதாவதா என்று இழுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டினேன். ஒன்றுமில்லை என்றார்கள். அன்று பின்னேரம் சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிட்டால்தான் எழும்புவேன் என்று பக்கத்தில் இருந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் லேசாப் போகணும் மகள். விளங்குதா? நடு ரோட்டில, அத்தன சனத்துக்கு முன்னால, நான் செஞ்சதுல இருந்தே நான் விழப்படா."

நான் அழுதேன். கோபமாகவும் இருந்தது. நாளைக்கே நான் போய்ப் பள்ளியில் சொல்கிறேன் என்று கத்தினேன். அவர் கையைத் தூக்கினார். சின்ன வயதில் என்னை ஒருமுறையும் அடிக்காத கை. அடிப்பதற்கல்ல, வாயை மூடு என்பதற்கு. அந்தக் கையில் நரம்புகள் எல்லாம் வெளியே தெரிந்தன. "நான் இருக்கிற வரைக்கும் வேணாம்" என்றார். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருடைய மானம் போகும். சொல்லாவிட்டால் அவருடைய உடல் விழும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய கடைசிக் காலம் முழுவதும் நான் படுத்து எழும்பினேன்.

வாப்பா ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவில்லை. நோயில் கிடந்து யாருக்கும் தொல்லை கொடுக்கவில்லை. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முகம் பார்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெரிய உருவம் வெள்ளைத் துணிக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. சந்தூக்கு விறாந்தைக்கு வந்தது. நறுக்கென்ற சத்தமும் வந்தது. எனக்கு வேறொன்றும் நினைவில் இல்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஆண்கள் நின்ற பக்கம் போய்விட்டேன். என் கணவரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அதுல வேணாம். வாப்பாவ அதுல ஏத்த வேணாம். அது இரும்பு. உள்ளுக்குள்ள உக்கிப் போய்க் கிடக்கு. பக்கத்துப் பள்ளியில கேட்டு எடுங்க. நான் கால்ல விழுறன்."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். அதிர்ச்சியோ ஆச்சரியமோ ஒரு முகத்திலும் இல்லை. அதுதான் எனக்கு முதலில் விளங்காமல் போனது. என் கணவர் என்னைத் திரைச்சீலைக்குப் பின்னால் மெல்லக் கூட்டிக்கொண்டு வந்து, "பயப்படாத. கை இரிக்கி" என்றார். என்ன கை என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

யன்னலுக்கு ஓடினேன். சந்தூக்கு எழும்பியது. தண்டுகளில் தோள்கள். அதுவல்ல நான் பார்த்தது. நான்கு மூலைகளிலும், துணிக்குக் கீழே, கைகள். ஒரு மூலைக்கு இரண்டு, மூன்று. தோள் கொடுத்தவர் நகர்ந்தால் அடுத்தவர் தோள் கொடுத்தார். மூலையில் கை எடுத்தவருக்குப் பதிலாக அடுத்த கை போன பிறகுதான் முதல் கை வெளியே வந்தது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. இது அன்றைக்குப் பழகிய பழக்கமாகத் தெரியவில்லை. அவர்கள் கலிமாச் சொல்லிக்கொண்டு கடல் பக்கத்துத் தெருவில் திரும்பினார்கள். பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் அலைச் சத்தம்தான். அந்தக் காத்திருப்பில் நான் எத்தனை முறை ஸலவாத் ஓதினேன், எத்தனை முறை ஓதியதை இடையில் மறந்தேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது என்னிடம் யாராவது, "உங்கட வேலை நல்லா இரிக்கு டீச்சர்" என்று சொன்னால் எனக்குப் பகீரென்கிறது. அப்படிச் சொல்கிறவரின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது. மாணவர்கள் ஒட்டி முடித்த வேலையைக் கொண்டுவந்தால், நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். கடுமையான டீச்சர் என்று பேரும் எடுத்துவிட்டேன். அதற்குக் காரணம் அன்று மையவாடியிலிருந்து திரும்பி வந்த என் கணவர் சொன்னவைதான்.

அவருடைய வலது உள்ளங்கை கிழிந்திருந்தது. காயத்தின் ஓரமெல்லாம் துரு. தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டேன். கடல் பக்கம் திரும்புகிற இடத்தில் பின்மூலை ஒட்டு விட்டுப் போனதாம். நான் வாப்பாவுக்குச் சொன்னது போலவே, சத்தம் இல்லாமல். தண்டு ஒருவருடைய தோளில் தனியே நின்றதாம். பெட்டி அசையவில்லையாம், கைகள் தாங்கிக்கொண்டன. யாரும் நிற்கவில்லை, யாரும் பார்க்கவில்லை, கலிமாவும் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாதாம்.

"உங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"உம்மாட மௌத்துக்கு முந்தியே தெரியும். ஊருக்கே தெரியும். தோள் குடுத்தவன் ஒவ்வொருத்தன்ட சேட்டும் ஊட்ட போய்ச் சொன்னதுதானே. நான் என்ட சேட்ட நானே கழுவினன், ஏனெண்டு நினைச்ச?"

மையவாடிக்குப் போன உடுப்பைத் தானே கழுவுகிறார், சுத்தம் பார்க்கிற மனிதர் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் தேசிக்காய்ப் பாதியோடு நின்றிருக்கிறாள். நான் ஒருத்தியிடமும் கேட்கவில்லை, ஒருத்தியும் என்னிடம் சொல்லவில்லை. மரைக்காரின் மகளிடம் யார் சொல்வார்கள்?

"அப்ப கூட்டத்தில வாப்பா புதுசு செய்வமா எண்டு கேட்டாரே?"

"அவர்ர மனசு நோகப்படா எண்டுதான் வேணாம் எண்டம். அவர் மெலிஞ்சு போறதப் பாத்து, வருத்தக்கார மனிசன், இத அறிஞ்சாத் தாங்கமாட்டார் எண்டு இன்னும் பயந்தம்." அவர் கிழிந்த கையை மடித்துக்கொண்டார். "புதுசு ஒண்டு செஞ்சு கிடக்கு. நல்ல சில்வர், காந்தம் வெச்சுப் பாத்துத்தான் எடுத்தம். போன நோன்புக்கு முந்தியே வந்திட்டு."

"எங்க கிடக்கு?"

"பள்ளி மேல்மாடியில, படிக்கட்டுப் பக்கத்தில. சாக்குச் சுத்தி வெச்சிருக்கம்."

"அத எடுத்திருக்கலாமே. இண்டைக்காவது எடுத்திருக்கலாமே."

"இண்டைக்கு எப்பிடி எடுக்கிற?" என்றார், நான்தான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டது போல. "மரைக்கார் செஞ்சதுல மரைக்காரக் கொண்டு போகாம?"

நான் எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பள்ளியில் வாப்பா தொழுகிற இடம் எல்லோருக்கும் தெரியும். முன் வரிசை, மேல்மாடிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில். சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, லேசாகப் போக வேண்டும் என்று துஆக் கேட்டபடி, ஐந்து நேரமும் அந்தப் புதுச் சந்தூக்குக்கு நேர் கீழேதான் நின்றிருக்கிறார்.